லீவரா, பட்டனா, கையில் இருக்கும் பேடே போதுமா? கிருஷ்ணகிரியில் இருந்துகொண்டு ஃபைட்டிங் ஜாய்ஸ்டிக் தேர்ந்தெடுப்பது

தருமபுரி நேதாஜி பைபாஸ் ரோட்டிலோ கிருஷ்ணகிரி பழையபேட்டையிலோ ஒரு கடைக்குள் நுழைந்து, ஃபைட்டிங் கேமுக்கு ஆர்கேட் ஜாய்ஸ்டிக் (லீவரும் பட்டன்களும் பதித்த பெட்டி) காட்டுங்கள் என்று கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் ஒன்று கார் ஓட்டும் ஸ்டியரிங்கை எடுத்து வைப்பார், இல்லையென்றால் இரு கையில் பிடித்து ஆடும் ஐந்நூறு ரூபாய் கேம் பேடை எடுத்து வைப்பார். அவர்மேல் குறை இல்லை. நம் பக்கத்தில் இதைக் கேட்டு வருகிறவர்கள் அவ்வளவு குறைவு.

ஆகவே இங்கே இருப்பவர் படத்தைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். கைக்கு அடங்குகிறதா, லீவர் இறுக்கமா தளர்வா என்பதெல்லாம் பார்சலைப் பிரித்த பிறகுதான் தெரியும். பழுதானால் தூக்கிக்கொண்டு போக சர்வீஸ் சென்டர் கிடையாது. அதனால் எது உலகத்திலேயே சிறந்தது என்ற கேள்வியை நான் இரண்டாவதாகத்தான் வைப்பேன். முதல் கேள்வி இது: கெட்டுப்போனால் ஒரு ஸ்டார் ஸ்க்ரூ டிரைவரை வைத்து நானே திறந்து, போன பாகத்தை மட்டும் மாற்றி மூட முடியுமா? கீழே வரும் ஒவ்வொன்றையும் இந்தக் கேள்வியால்தான் உரசிப் பார்த்திருக்கிறேன்.

அதற்கும் முன்னால், எந்த ஆட்டத்துக்காக வாங்குகிறீர்கள் என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள். 1991-இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2, ஆறு தாக்குதல் பட்டன்களை நிலைநிறுத்தியது. மூன்று குத்து, மூன்று உதை. ஒவ்வொன்றிலும் மெல்லியது, நடுத்தரம், பலமானது. 2023-இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 வரை அந்தக் கணக்கு மாறவில்லை. டெக்கனுக்கு நான்கே பட்டன்கள்: இரண்டு கை, இரண்டு கால். கிங் ஆஃப் ஃபைட்டர்ஸுக்கும் நான்குதான். மார்ட்டல் காம்பாட்டின் இன்றைய பாகங்கள் பேடை மனத்தில் வைத்தே செய்யப்பட்டவை. அதற்காக மட்டும் ஜாய்ஸ்டிக் வாங்க நினைப்பவர் பணத்தை மிச்சப்படுத்தலாம்.

முஸ்தபா என்று நாம் பெயர் வைத்து ஆடிய கெடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸை நாணயம் போட்டு ஆடி வளர்ந்தவர்களுக்கு, கையில் ஒரு குமிழ் இருந்தால்தான் விளையாடுவதுபோலவே இருக்கும். அந்த ஆசை நியாயமானது. அதற்காகச் செலவு செய்யலாம். ஆனால் லீவர் வாங்கினால் வெற்றி பெறலாம் என்ற எண்ணத்தில் செலவு செய்யக் கூடாது. 2014-இல் உலகின் பெரிய ஃபைட்டிங் போட்டியான ஈவோவில் அல்ட்ரா ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4 பட்டத்தை வென்ற பிரான்ஸ் வீரர் லஃபி, முதல் பிளேஸ்டேஷனின் பழைய பேடை வைத்துத்தான் ஆடினார்.

பேடைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எல்லோரிடமும் இருக்கிறது. டெக்கனுக்கு நான்கு பட்டன்களும் கட்டை விரலுக்கு அடியிலேயே அமைந்துவிடுவதால் குறையே தெரியாது. ஸ்ட்ரீட் ஃபைட்டரில் ஆறில் இரண்டை விளிம்புப் பட்டன்களுக்குத் தள்ள வேண்டியிருக்கும். சிலருக்கு அது கடைசிவரை ஒட்டாது. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-இல் மாடர்ன் என்றொரு முறை இருக்கிறது. ஒரு திசையும் ஒரு பட்டனும் சேர்த்தால் சிறப்புத் தாக்குதல் வந்துவிடும், பதிலுக்கு அதன் வலு 20 சதவீதம் குறையும். பேடிலேயே தொடர நினைப்பவருக்கு அது நல்ல வழி. மூலைத் திசைகளைச் சரியாகப் பிடிக்காத பேடுகளை மட்டும் தவிர்த்துவிடுங்கள். எக்ஸ்பாக்ஸ் 360-இன் பேட் அந்த விஷயத்தில் பெயர் கெட்டது. பழுது பார்ப்பது என்று வந்தால் பேடுக்கு மதிப்பெண் குறைவுதான். உள்ளே மெல்லிய ரிப்பன் கேபிள்கள் இருக்கும், இழுத்தால் அறும். ஆனால் எந்த ஊரிலும் வேறொன்று கிடைக்கும் என்பது ஓர் ஆறுதல்.

லீவர் என்னும் ஜப்பானியப் பெட்டி

இனி நாம் உண்மையில் ஆசைப்படும் பொருளுக்கு வருவோம்.

ஜப்பானிய லீவர்களில் பெரும்பாலானவர்கள் அறிந்தது சான்வா நிறுவனத்தின் ஜேஎல்எஃப். அதைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தால் அடியில் சதுர ஓட்டையுடன் ஒரு பிளாஸ்டிக் தட்டு இருக்கும். லீவர் எதுவரை நகரலாம் என்று எல்லை போடும் கேட் அதுதான். நான்கு கொக்கிகளை விரலால் அழுத்தினால் கழன்று வரும். அதன் கீழே ஒரு சிறிய சர்க்யூட் போர்டும் நான்கு மைக்ரோ சுவிட்சுகளும் இருக்கும், திசைக்கு ஒன்றாக. நடுவில் இரும்புத் தண்டு, அதைச் சுற்றி ஒரு ஸ்பிரிங், எல்லாவற்றையும் பிடித்து நிற்கும் ஆங்கில எழுத்து ‘ஈ’ வடிவக் கிளிப். மேலே 35 மில்லிமீட்டர் பந்து. தண்டின் அடியில் ஒரு கீறல் இருக்கிறது. அதில் தட்டை ஸ்க்ரூ டிரைவரை வைத்துப் பிடித்துக்கொண்டு பந்தைத் திருகினால் கழன்றுவிடும். இவ்வளவுதான் மொத்த இயந்திரம்.

இதில் எது கெட்டாலும் அந்தப் பாகம் தனியாகக் கிடைக்கிறது. நான்கு சுவிட்சும் பதித்த போர்டை மட்டும் மாற்றலாம், ஸ்பிரிங்கை மட்டும் மாற்றலாம், இன்னும் கடினமான ஸ்பிரிங்கும் போடலாம். லாரிகள் இரவு பகலாக ஓடும் நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில் வீடு இருந்தால் தூசு உள்ளே போகத்தான் செய்யும். அப்போது கிளிப்பைக் கழற்றி, உலர்ந்த துணியால் துடைத்து, பிளாஸ்டிக்குக்குக் கேடு செய்யாத சிலிக்கான் கிரீஸ் கொஞ்சம் தடவினால் போதும். தையல் மெஷின் எண்ணெயையோ தேங்காய் எண்ணெயையோ விடாதீர்கள். அன்று வழுவழுப்பாக இருக்கும், பிறகு தூசையெல்லாம் இழுத்து வைத்துக்கொள்ளும்.

சதுர கேட்டைப் பற்றி ஒரு சண்டை எப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது. கீழ், கீழ்-முன், முன் என்று கால்வட்டம் போடும்போது சதுரம் தடுக்கிறது, எண்கோணம் போட்டால் வழுக்கிக்கொண்டு போகும் என்பார்கள். எண்கோண கேட் விலை குறைவுதான், மாற்றுவதும் எளிது. ஆனாலும் புதியவர் சதுரத்திலேயே தொடங்குவது நல்லது என்பது என் கட்சி. லீவர் மூலையில் போய் முட்டுவதற்கு முன்பே சுவிட்ச் அழுந்திவிடுகிறது. எல்லை வரை தள்ளித் தேய்த்து ஆடுவதுதான் கையைத் தாமதப்படுத்துகிறது. ஸ்ட்ரீட் ஃபைட்டரின் கய்ல் போல, லீவரைப் பின்னால் பிடித்துத் தேக்கி வைத்து அடிக்கும் பாத்திரங்களுக்குச் சதுர மூலை ஒரு வரம். கீழ்-பின் மூலையில் லீவரைச் சாய்த்துவிட்டால் கண் போகாமலேயே கை அங்கே நிற்கும். முழுவட்டம் சுழற்றும் ஜாங்கீஃப் ஆட்டக்காரர் எண்கோணத்தை விரும்பினால் அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன்.

சான்வாவுக்குப் போட்டியாக செய்மிட்சு எல்எஸ்-32 இருக்கிறது. சற்று இறுக்கம், கைக்குக் கொஞ்சம் எதிர்ப்பு காட்டும். தளர்ந்த லீவர் கையில் நழுவுவதுபோல் தோன்றுகிறவர்கள் அதைப் பார்க்கலாம். ஹோரி நிறுவனம் தன் பெட்டிகளில் ஹயபுசா என்ற சொந்த லீவரைப் போடுகிறது. அதுவும் நன்றாகவே உழைக்கிறது.

டெக்கன் மட்டுமே ஆடுவேன் என்பவருக்குக் கொரிய லீவர் தனி உலகம். ஸ்பிரிங்குக்குப் பதிலாக நடுவில் ஒரு ரப்பர் வளையம். பந்துக்குப் பதிலாக பேஸ்பால் மட்டையைப் போல நீண்ட கைப்பிடி. கேட் வட்டம். கையை விட்டதும் நடுவுக்குப் பாய்ந்து வந்து நிற்கும். டெக்கனில் இந்த நடுநிலைதான் உயிர். அதில் வரும் மிஷிமா குடும்பப் பாத்திரங்களின் அலை ஓட்டத்துக்கு முன், நடு, கீழ், கீழ்-முன் என்று வர வேண்டும். அந்த ‘நடு’ வராவிட்டால் அசைவே வராது. கொரியப் பின்னோட்டம் என்று பெயர் பெற்ற, பின்னால் விலகிக்கொண்டே இருக்கும் உத்தியும் இதே லீவரில் வளர்ந்ததுதான். ரப்பர் நாளடைவில் தளரும், மாற்ற வேண்டும். அதையும் வெளிநாட்டில் இருந்துதான் வரவழைக்க வேண்டும், எனவே வாங்கும்போதே ஒன்றிரண்டு வளையம் சேர்த்து வாங்கிவிடுங்கள். ஜப்பானிய லீவருக்கென்று துளையிட்ட பெட்டியில் இது அப்படியே உட்காரும் என்று நம்பி வாங்காதீர்கள். திருகுத் துளைகளின் இடைவெளியையும் பெட்டியின் ஆழத்தையும் முதலில் அளந்து பாருங்கள்.

அமெரிக்க வகை லீவரும் இருக்கிறது. கனமானது, பட்டன் நீளமானது, நடுவில் குழிந்தது. நாணயம் போட்டு ஆடிய பழைய மெஷின்களைப் போன்ற கேபினெட் கட்டுகிறவர்களுக்குப் பொருந்தும். மடியில் வைத்து ஆடுகிறவருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

பட்டன்களிலும் சான்வாவே அளவுகோல். 30 மில்லிமீட்டர் துளை, மிக மெல்லிய அழுத்தம். விரலை வைத்தாலே பதிந்துவிடும் என்பதால், விரலைப் பட்டன்மேல் ஓய்வாக வைக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு முதலில் எரிச்சலாக இருக்கும். 24 மில்லிமீட்டர் பட்டன் ஸ்டார்ட், செலக்ட் போன்ற சிறு வேலைகளுக்கு.

முழுப் பெட்டியாக வாங்குகிறவர் விளம்பரத்தில் தேட வேண்டிய தகவல் ஒன்றே ஒன்று: உள்ளே 30 மில்லிமீட்டர் பட்டனும் ஜேஎல்எஃப் அளவு லீவரும் பொருந்துமா? மேஃபிளாஷ் எஃப்300 இந்த வகையில் எளியவனின் நண்பன். அதோடு வரும் லீவரும் பட்டனும் சாதாரணம்தான், ஆனால் பிறகு சான்வா பாகங்களை வாங்கி மாற்றிக்கொள்ளலாம். 8பிட்டோ ஆர்கேட் ஸ்டிக்கும் அப்படியே. கணினிக்கும் நின்டெண்டோ ஸ்விட்ச் என்ற கேம் மெஷினுக்குமானது, வயர் இல்லாமலும் ஆடலாம். கான்பா ஆப்சிடியன், ஹோரி ரியல் ஆர்கேட் புரோ போன்றவை பெரிய பெட்டிகள், வாங்கிய நாளிலேயே நல்ல பாகங்களோடு வருபவை, விலையும் அதற்கேற்ப. சிறிய மினி ஸ்டிக்குகள் அழகாக இருக்கும், பாகம் மாற்ற வழியிருக்காது. அவற்றை வாங்காதீர்கள்.

பெட்டியின் எடையை யாரும் பேசுவதில்லை. நம் வீடுகளில் பாதிப்பேர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துதான் ஆடுகிறோம். அப்போது பெட்டி மடியில் இருக்கும். லேசான பெட்டி ஒவ்வோர் இழுப்புக்கும் நகரும், இடது முழங்கால் அதைத் தடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு கிலோவுக்கு மேல் இருந்தால்தான் அசையாமல் நிற்கும். கல்லுக்குப் பஞ்சமில்லாத ஊரில் இருக்கிறோம். சமையல் மேடை போடும் கிரானைட் பட்டறைகளில் விரற்கடை அகலத் துண்டுகள் குப்பையாகக் கிடக்கும், கேட்டால் சும்மா கொடுப்பார்கள். அடித்தட்டின் உட்புறத்தில் இரட்டைப் பக்க ஒட்டுநாடாவால் இரண்டு துண்டை ஒட்டி, மேலே ரப்பர் ஷீட் போட்டு, வயர் படாமல் மூடினால் ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய பெட்டியின் நிதானம் மலிவுப் பெட்டிக்கும் வந்துவிடும்.

சத்தத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். மைக்ரோ சுவிட்சின் டிக் டிக் ஒலி பகலில் இனிமை. இரவு பத்து மணிக்கு மேல், பக்கத்து அறையில் பாட்டி படுத்திருக்கும் வீட்டில், அதுவே வழக்கு.  சத்தம் குறைந்த பட்டன்களைத் தனியாக விற்கிறார்கள், விலைதான் கூடுதல்.

மலிவு கிட்

இணையக் கடைகளில் ஒரு லீவர், பத்துப் பட்டன், அவற்றின் அசைவைக் கணினிக்குச் சொல்லும் ‘ஜீரோ டிலே’ என்று பெயர் போட்ட ஒரு யுஎஸ்பி போர்டு, வயர்க்கட்டு எல்லாம் சேர்த்து இரண்டாயிரம் ரூபாய்ச் சுமாருக்கு ஒரு கிட் வருகிறது. அட்டைப் பெட்டியில் துளையிட்டுப் பொருத்தி ஆடிப் பார்க்கலாம். லீவர் நமக்கு ஒத்து வருமா என்று தெரிந்துகொள்ள இதைவிடக் குறைந்த செலவில் வழி இல்லை, ஆகவே இதை இகழ மாட்டேன். ஆனால் அதன் போர்டு நல்ல போர்டுகளைவிடத் தாமதமானது. இந்த ஆட்டங்கள் நொடிக்கு 60 ஃபிரேம், அதாவது 60 படம், ஓடுகின்றன. ஒரு ஃபிரேம் சுமார் 16.7 மில்லி விநாடி. எதிரியின் அடியைப் பார்த்துவிட்டுப் பதில் கொடுக்க நமக்கு இருப்பதே சில ஃபிரேம்கள், அதில் போர்டு கொஞ்சம் தின்றால் கைக்குத்தான் கெட்ட பெயர்.

போர்டைப் பழிப்பதற்கு முன் டிவியைப் பாருங்கள். படத்தை அழகுபடுத்தும் வேலைகளுக்காக டிவி எடுத்துக்கொள்ளும் தாமதம் பல போர்டுகளின் தாமதத்தைவிடப் பெரியது. ரிமோட்டில் கேம் மோடு என்று இருந்தால் போட்டுவிடுங்கள். காசு செலவில்லாத முன்னேற்றம் இது ஒன்றுதான்.

லீவர் இல்லாத பெட்டி

கடந்த சில ஆண்டுகளில் போட்டிகளில் அதிகம் பார்க்கக் கிடைப்பது இதுதான். லீவர் கிடையாது, இடது, கீழ், வலது மூன்றும் இடது கை விரல்களுக்கு, குதிப்பதற்கான மேல் பட்டன் கட்டை விரலுக்கு. ஹிட் பாக்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் இதைப் பரப்பியது; இப்போது ரேசர் கிட்சுனே போன்ற விலையுயர்ந்ததும் ஹவுட்42 போன்ற சீன மலிவுப் பெட்டியும் சந்தையில் இருக்கின்றன.

லீவரை ஓர் இடத்தில் இருந்து இன்னோர் இடத்துக்கு நகர்த்த நேரம் பிடிக்கும். பட்டனில் விரலை எடுத்தால் அந்த நொடியே திசை போய்விடும். டெக்கனின் ‘நடு’ இங்கே வெறும் விரல் தூக்குதல்தான். முன், கீழ், கீழ்-முன் என்று வரும் ஷோர்யூகன் என்ற குத்தின் அசைவையும் வலதை அழுத்திக்கொண்டு கீழைத் தட்டும் முறையில் சுருக்கமாகப் போடலாம். முழுவட்டம் மட்டும் லீவரைவிட இதில் சிரமம், பழக வேண்டும்.

ஒரு கேள்வி எழும். இடதையும் வலதையும் ஒரே நேரத்தில் அழுத்தினால்? லீவரில் அது நடக்காது. பெட்டிதான் முடிவு செய்ய வேண்டும், அங்கேதான் ஏமாற்றவும் இடம் இருக்கிறது. 2019-இல், ஜப்பானின் புகழ்பெற்ற ஆட்டக்காரர் டைகோ உமேஹாரா தனக்காகச் செய்துகொண்ட ஒரு பெட்டியை, ஸ்ட்ரீட் ஃபைட்டரை உருவாக்கிய காப்காம் நிறுவனம் நடத்தும் போட்டித் தொடரில் பயன்படுத்தக் கூடாது என்று அந்த நிறுவனம் சொன்னது. பிறகு 2023-இல் விதியைத் தெளிவாக எழுதிவிட்டது: இடதும் வலதும் சேர்ந்தால் எதுவும் இல்லை, மேலும் கீழும் சேர்ந்தாலும் எதுவும் இல்லை. வீட்டில் தம்பியோடு ஆடுவதற்கு இது பொருட்டே இல்லை. சென்னையிலோ பெங்களூரிலோ போட்டிக்குப் போகிற எண்ணம் இருந்தால், வாங்கும் பெட்டியில் இந்த அமைப்பை மாற்றிக்கொள்ள முடியுமா என்று பாருங்கள். இன்றைய பெரும்பாலான பெட்டிகளில் முடியும்.

லீவர் இல்லாத பெட்டி கைக்கு ஒத்து வருமா என்று பார்க்க ஒரு ரூபாய்கூடச் செலவில்லாத சோதனை இருக்கிறது, யாரும் வாங்குவதற்கு முன் செய்வதில்லை. கணினியின் கீபோர்டில் ஏ, எஸ், டி மூன்றையும் இடது, கீழ், வலது என்று வையுங்கள். ஸ்பேஸ் பார் குதிப்பதற்கு. வலது கைக்கு யு, ஐ, ஓ மேல்வரிசை, ஜே, கே, எல் கீழ்வரிசை. ஒரு வாரம் ஆடுங்கள். கைக்குப் பிடித்தால் லீவர் இல்லாத பெட்டி உங்களுக்கானது. வாரம் முழுக்க விரல்கள் முடிச்சுப் போட்டுக்கொண்டே இருந்தால் லீவர் பக்கம் போங்கள். சாதாரண அலுவலகக் கீபோர்டுகள் சில மூன்று பட்டன் சேர்க்கைகளைச் சேர்த்து அழுத்தினால் ஒன்றை விழுங்கிவிடும். அடி வரவில்லை என்றால் உடனே விரலைக் குறை சொல்லாதீர்கள், வேறொரு சேர்க்கையை முயன்று பாருங்கள்.

நம் ஊர்ப் பையன்களில் பெரும்பாலோர் கல்லூரி லேப்டாப்பில், கீபோர்டில் ஆடிப் பழகியவர்கள். லீவரைத் தொட்டுப் பார்க்காதவருக்கு அது ஆறு மாதப் படிப்பு. கீபோர்டு கையைக் கொண்டவர் லீவர் இல்லாத பெட்டிக்கு மாறுவது அதற்குள் ஒரு பகுதியிலேயே முடிந்துவிடும். பழைய கேபினெட்டின் நினைவு இல்லாத தலைமுறைக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

பயணத்துக்கும் இதுவே வசதி. மெல்லியது, லேப்டாப் பையிலேயே போய்விடும். கிருஷ்ணகிரி நகரத்துக்கு ரயில் நிலையம் கிடையாது. பெங்களூருக்கு 90 கிலோமீட்டரும் பஸ்தான். தருமபுரிக்காரர்களுக்கும் ஓசூர்க்காரர்களுக்கும் ரயில் இருக்கிறது, கொடுத்துவைத்தவர்கள். நின்றுகொண்டே போகும் பஸ்ஸில், குமிழ் துருத்திய இரண்டு கிலோப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு கண்டக்டரிடம் டிக்கெட் வாங்குவது சுகமான காரியம் அல்ல.

நாமே செய்துகொள்வது

என் கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்குவது இந்த வழி. நாமே பொருத்தியதைத் திறக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

மூளையாக ராஸ்பெர்ரி பை பிக்கோ என்ற சிறு போர்டு. 2021-இல் வந்தது, நம் பணத்தில் நானூறு ரூபாய் சுமாருக்குக் கிடைக்கும். அதில் ஜிபி2040-சிஇ என்ற இலவச மென்பொருளை ஏற்ற வேண்டும். போர்டில் பூட்செல் என்று எழுதிய பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு யுஎஸ்பியில் செருகினால் பென் டிரைவ் போலத் தெரியும். பதிவிறக்கிய கோப்பை அதற்குள் போட்டால் முடிந்தது. ஒவ்வொரு பட்டனிலும் இரண்டு முனைகள். ஒன்றில் இருந்து பிக்கோவின் அதற்குரிய பின்னுக்கு ஒரு வயர். மறுமுனைகள் எல்லாவற்றையும் ஒரே வயரில் கோத்து கிரவுண்டில் சேர்க்க வேண்டும். ஜேஎல்எஃப் லீவருக்கு ஐந்து வயர்: நான்கு திசை, ஒரு கிரவுண்டு. எந்தப் பட்டன் எது, எதிரெதிர்த் திசைகளுக்கு என்ன விதி என்பதெல்லாம் ஸ்டார்ட் பட்டனை அழுத்திக்கொண்டு செருகிய பிறகு கணினியின் பிரவுசரில் 192.168.7.1 என்று அடித்தால் வரும் பக்கத்தில் மாற்றிக்கொள்ளலாம். தாமதம் ஒரு மில்லி விநாடிக்கும் கீழே. விலையுயர்ந்த பெட்டிகளோடு தோள் சேர்ந்து நிற்கும் வேகம் இது.

பாகங்களுக்கு, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் பெங்களூர் எஸ்.பி. ரோடு போய்வரலாம், ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். பிக்கோவும் வயரும் கனெக்டரும் அங்கே கிடைக்கும். சான்வா பட்டன் அங்கே கிடைக்கும் என்று நம்பிப் போக வேண்டாம்.

மேல்தட்டுக்கு நம் மாவட்டத்திலேயே ஆள் இருக்கிறார்கள். கடைகளுக்குப் பெயர்ப்பலகை செய்யும் பட்டறைகளில் அக்ரிலிக் ஷீட்டை லேசரில் வெட்டுகிறார்கள். ஓசூர் பாகலூர் ரோடு பக்கம் இப்படி ஒரு பட்டறைக்கு நண்பன் ஒருவனோடு போயிருந்தேன். அவன் பென் டிரைவில் இருந்த வரைபடத்தைத் திரையில் திறந்து பார்த்தவர், “என்ன தம்பி இது, ஸ்விட்ச் போர்டா?” என்றார். விளையாட்டுப் பெட்டி என்றதும் சிரிக்கவில்லை. “படத்தை விடு, பட்டன் ஒன்று கொண்டுவந்திருக்கிறாயா?” என்று கேட்டார். கொடுத்ததும் காலிப்பரை எடுத்து அதன் கழுத்தை அளந்தார். பிறகு நல்ல ஷீட்டைத் தொடாமல், கீழே கிடந்த ஒரு நீலத் துண்டில் 30 மில்லிமீட்டர் துளை ஒன்று மட்டும் வெட்டினார். பட்டனை அதில் வைத்து அழுத்தினார். ஆடியது. லேசர் எரித்துத் தின்ற அளவைக் கழித்து, துளையை ஒரு மயிரிழை சிறிதாக்கி மறுபடி ஒன்று வெட்டினார். இந்த முறை கட்டை விரலால் தள்ளித்தான் உள்ளே அனுப்ப வேண்டியிருந்தது. “இதுதான் கணக்கு, அண்ணன் சொல்கிறேன் பார்” என்று சொல்லிவிட்டுத்தான் கறுப்பு ஷீட்டை மேசையில் வைத்தார். இப்படி முதலில் துண்டில் வெட்டிப் பார்க்காத பட்டறையாக இருந்தால் நீங்களே அதைக் கேளுங்கள்.

அளவுகளில் ஒரு எச்சரிக்கை. கொக்கி வைத்துச் சொருகும் பட்டன்கள் மெல்லிய தட்டுக்கானவை. ஐந்து மில்லிமீட்டர் அக்ரிலிக் என்றால் அடியில் திருகு வளையம் போட்டு இறுக்கும் வகையை வாங்குங்கள். தச்சரிடம் கொடுத்து 12 மில்லிமீட்டர் பலகையில் மேல்தட்டைச் செய்ய நினைக்காதீர்கள். பட்டன் பிடிக்காது, லீவரும் பாதி பலகைக்குள் அமிழ்ந்து குட்டையாக நிற்கும். பலகையைப் பக்கச் சுவருக்கு வைத்துக்கொள்ளுங்கள். பட்டன்களின் அடுக்குக்குப் புதிதாக யோசிக்கவும் வேண்டாம். ஜப்பானின் டைட்டோ நிறுவன கேபினெட்டில் இருந்து வந்த வியூலிக்ஸ் என்ற எட்டுப் பட்டன் அமைப்பு, விரல்களின் இயல்பான வளைவுக்கு ஏற்றது. அதன் வரைபடம் இலவசமாகக் கிடைக்கிறது.

எந்த மெஷினில் ஆடுகிறீர்கள்?

கணினி என்றால் கவலையே இல்லை. மேலே சொன்ன எதுவும் வேலை செய்யும். மலிவு கிட்டின் போர்டைச் சில ஆட்டங்கள் நேரடியாக அடையாளம் காணாது, கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் செயலியில் ஒருமுறை பட்டன்களை வரையறுத்துவிட்டால் சரியாகிவிடும்.

பிளேஸ்டேஷன் என்றால்தான் தொல்லை. பிஎஸ்4-இல், அங்கீகாரச் சாவி இல்லாத பிக்கோ போர்டு எட்டு நிமிடத்தில் துண்டித்துக்கொள்ளும். கடைசிச் சுற்றில் துண்டித்தால் எப்படியிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். பிஎஸ்5-க்கு அங்கீகாரம் தரும் டாங்கிள் என்ற தனிச் சிறு கருவி ஒன்றையும் வாங்க வேண்டிவரும். பிஎஸ்4-க்கான பழைய பெட்டிகளை பிஎஸ்5 ஆட்டங்களில் சில ஏற்கும், பல ஏற்காது. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 ஏற்கிற பக்கம். ஆகவே பிஎஸ்5 மட்டுமே வைத்திருப்பவர் செய்துகொள்ளும் வழியை விட்டுவிட்டு, பெட்டியின்மேல் பிஎஸ்5 என்று அச்சிட்ட உரிமம் பெற்ற பெட்டியை வாங்குவதே நிம்மதி. இங்கு மட்டும் என் ஸ்க்ரூ டிரைவர் விதியைத் தளர்த்துகிறேன்.

யாருக்கு எது

லேப்டாப்பில் கீபோர்டோடு ஸ்ட்ரீட் ஃபைட்டர் ஆடும் மாணவர் என்றால், பிக்கோவை வைத்து லீவர் இல்லாத பெட்டியைச் செய்துகொள்ளுங்கள். லீவரும் அதன் விலையும் மிச்சம், வயர் வேலையும் குறைவு. சால்டரிங் இரும்பைத் தொட விருப்பமில்லை என்றால் அதே மென்பொருளில் ஓடும் சீனப் பெட்டி ஒன்றை வாங்கலாம். சுங்க வரியையும் பார்சல் கட்டணத்தையும் விலையோடு கூட்டிப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள். அந்தக் கூட்டல் சில நேரம் பொருளின் விலையையே முறைத்துப் பார்க்கும்.

நாற்பதைத் தொட்டவர், நாணயம் போட்டு ஆடிய கை, மாதம் சில ராத்திரிகள்தான் விளையாட நேரம் என்றால் மேஃபிளாஷ் போன்ற எளிய பெட்டியை வாங்கி, பிறகு ஜேஎல்எஃப் ஒன்றும் பட்டன்களும் மாற்றிக்கொள்ளுங்கள். வெளிநாட்டுக் கடைகளில் லீவர் 25 டாலர், பட்டன் ஒன்று மூன்று டாலர் சுமாரில் விற்கிறது. முதலில் லீவரை மாற்றுங்கள். பட்டன்களை எல்லாம் ஒரே நாளில் மாற்றத் தேவையில்லை. அதிகம் அடிபடும் இரண்டை மாற்றினாலே வித்தியாசம் தெரியும்.

டெக்கன் வெறியருக்குக் கொரிய லீவர் அல்லது கையில் இருக்கும் பேட். நடுவில் வேறெதுவும் வேண்டாம். அண்ணன் தம்பி இருவர் ஆடும் வீடு என்றால் ஒரு பெட்டிக்கு இருபதாயிரம் போடுவதைவிட, ஒன்றில் லீவரும் ஒன்றில் பட்டனும் வைத்த இரண்டு எளிய பெட்டிகள் நல்லது. இரண்டிலும் ஒரே 30 மில்லிமீட்டர் பட்டன் இருந்தால் உதிரியாக நான்கு பட்டன் வாங்கி வைத்தாலே இரண்டுக்கும் போதும்.

எதை ஆர்டர் செய்தாலும் வயர்க்கட்டின் கனெக்டர் அளவை மட்டும் மறக்காமல் பாருங்கள். சான்வா பட்டனின் முனை 2.8 மில்லிமீட்டர். மலிவு கிட்டுகளில் பல 4.8 மில்லிமீட்டர் கனெக்டரோடு வருகின்றன. பெரிய கனெக்டர் சிறிய முனையில் ஏறும், ஆனால் பிடிக்காது. இடுக்கியால் நெரித்தால் சில நாள் தாங்கும், பிறகு ஆட்டத்தின் நடுவில் ஒரு பட்டன் பேசாமல் போகும். விற்பவரின் பக்கத்தில் அந்த எண் இல்லையென்றால் கேட்டுவிட்டு ஆர்டர் போடுங்கள்.